கசக்கிப் பார்க்கும் கை

திரும்பி வந்தவை மொத்தம் பதினோரு பெட்டி. குளிர்கிடங்குக்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஆலை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே உறைந்த பட்டாணிக்கு ஒரு குறையும் இல்லை. அதைப் பொதிந்த பிளாஸ்டிக் பைக்குத்தான் சொறி பிடித்திருந்தது. பையைத் தொட்டால் பச்சை மை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று அச்சிட்டிருந்த வரி பாதிப் பைகளில் காணவே இல்லை.

மை அக்கா ஒரு பையை எடுத்துப் பார்த்தாள். முந்தின இரவு மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. 'இது இன்னைக்கா வரணும்' என்பதுதான் அவள் மனதில் முதலில் தோன்றியது. அதற்கு அடுத்ததுதான் பட்டாணிக்காரர்களின் நஷ்டம்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. அந்த ஆலையின் மை அறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. பட்டாணிப் பை, சோப்பு உறை, ரொட்டிப் பை என்று எதை அச்சடித்தாலும் மை கலப்பது அவள் பொறுப்பு. அச்சு இயந்திரம் பக்கத்துக் கூடத்தில். அதை ஓட்டுகிறவன் அவளுடைய கொழுந்தன், அதாவது கணவனின் தம்பி. ஒரே வீட்டில் கீழே அவளும் கணவனும், மேலே கொழுந்தனும் அவன் மனைவியும். காலையில் ஒரே பஸ்ஸில் வந்து, சாயங்காலம் ஒரே பஸ்ஸில் போவார்கள். உட்கார இடம் கிடைத்தால் அவன் அண்ணிக்கு விட்டுவிடுவான். அவள் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் தூங்கிவிடுவாள்.

மை என்றால் நிறத்தைக் கரைத்த தண்ணீர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் நிம்மதியானவர்கள், நினைத்துக்கொள்ளட்டும். மையில் நிறம் இருக்கிறது. அந்த நிறத்தைப் பையோடு பிடித்துவைக்க ரெசின் என்ற பிசின் இருக்கிறது. இரண்டையும் ஓடவைக்கும் கரைப்பான் இருக்கிறது, அது காற்றில் போய்விடும். மிஞ்சுகிற பிசின் காய்ந்தால் நகப்பூச்சு மாதிரி விறைத்துக்கொள்ளும். பையோ மடங்கும், கசங்கும், பிதுங்கும். விறைத்தது மடங்குமா? உடையும். அதனால்தான் பிளாஸ்டிசைசர் என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். டின்னில் எழுதியிருப்பது அந்தப் பெயர். ஆலையில் எல்லோருக்கும் அது வெறும் எண்ணெய்.

எண்ணெய் குறைந்தால் மை உடையும். கூடினால் காயாமல் பிசுபிசுத்து, சுருட்டி வைத்த ரோலில் முன்பக்கத்து மை பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்த எண்ணெய், எவ்வளவு என்று தேர்ந்தெடுப்பது கிட்டத்தட்டப் பெண்ணுக்கு வரன் பார்க்கிற வேலை. பிசினோடு பொருத்தம் இருக்க வேண்டும். கொஞ்சம் சூடு பட்டதும் வீட்டை விட்டு ஓடிப்போகிற ரகமாக இருக்கக் கூடாது, மலிவான எண்ணெயெல்லாம் அப்படித்தான் உலர்த்தும் அடுப்பிலேயே ஆவியாகிவிடும். பையைத் தாண்டி உள்ளே இருக்கும் சாப்பாட்டில் போய்க் கலக்கிற ரகமும் கூடாது. நாற்றம் கூடாது. குளிரில் விறைக்கக் கூடாது. எல்லாம் பொருந்தி வந்தால் விலை பொருந்தாது. இதை மேனேஜரிடம் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர் ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்" என்பார். ஆலையில் அவர் பெயரே பாக்கலாம் சார்.

இரண்டு மாதத்துக்கு முன் வெயில் காலத்தில் கிடங்கில் வைத்த ரோல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பாக்கலாம் சார் கத்தின கத்தில் மை அக்கா எண்ணெயைக் குறைத்தாள். நூறு கிலோவுக்குப் பத்து கிலோ போட்டது ஆறு கிலோ ஆயிற்று. குறைத்தால் குளிரில் உடையுமோ என்று பார்க்க ஒரு முறை உண்டு. மையைப் பிளாஸ்டிக் தாளில் பூசி, காயவைத்து, ஒரு நாள் முழுக்க உறைபெட்டியில் போட்டுவைக்க வேண்டும். பிறகு கையுறை மாட்டிய கையால் எடுத்து, கிழங்கைத் தேய்த்துக் கழுவுகிற மாதிரி பத்து தடவை கசக்க வேண்டும். உதிரவில்லை என்றால் மை நல்ல மை.

மை அறையின் உறைபெட்டி கெட்டுப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பாக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது அதில் எல்லோரும் சாப்பாட்டுப் பை வைத்துக்கொள்கிறார்கள்.

அதனால் என்ன, மை அக்காவின் கை இருக்கிறதே. தாளை வாங்கி வெறும் கையில் இரண்டு கசக்குக் கசக்கி, சத்தத்தைக் காதில் வாங்கி, "போகட்டும்" என்பாள். அது போகும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கை பொய் சொன்னதில்லை. மை அக்கா கசக்கிட்டாங்களா என்று கேட்டுவிட்டுத்தான் யாரும் அடுத்த வேலையைத் தொடுவார்கள். சொந்த வீடில்லை, குழந்தையில்லை, சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அந்தக் கைதான் அவளுடைய பெருமை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, யாராவது சொன்னால் மறுத்ததும் இல்லை.

இந்த இரண்டு மாதத்தில் கொழுந்தன் இரண்டு தடவை தாளோடு வந்தான். "அண்ணி, என் கையில உடையுது. நீங்க ஒரு தடவை பாருங்களேன்."

அவள் வாங்கிக் கசக்கினாள். ஒன்றும் உதிரவில்லை. "உன் முரட்டுக் கைக்கு இரும்பைக் குடுத்தாலும் உடையும். போய் மெஷினைப் பாரு."

அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு போய்விட்டான்.

பெட்டிகள் திரும்பி வந்த அன்றே மேனேஜர் இரண்டு பேரையும் மை அறைக்கு நடுவில் நிறுத்தினார். தப்பு மையிலா, மெஷினிலா? அவருக்கு ஒரு பதில் வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டும். மை அக்கா அந்தத் தொகுதியின் மாதிரி மையை எடுத்துத் தாளில் பூசிக் காயவைத்து, எல்லோர் முன்னிலும் கசக்கினாள். தாள் துணி மாதிரி கசங்கியது. ஒரு துளி உதிரவில்லை.

"மையில குறை இல்ல சார்," என்றாள். "மெஷின்ல உலர்த்துற சூடு கூடிப்போனா எண்ணெய் ஆவியாயிடும். அப்புறம் உடையத்தான் செய்யும்."

எல்லோரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். போன வருஷம் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவன் சூட்டைக் கூட்டி ஓட்டி, ஒரு தடவை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன்தான். மேனேஜர் தாளை அவனிடம் நீட்டினார். "நீயும் கசக்கிப் பாரேன்."

அவன் வாங்கினான். அண்ணியைப் பார்த்தான். அவள் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. தாளைக் கசக்காமல் மேஜை மேலேயே வைத்தான்.

"அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்."

தலை குனிந்தவன் குற்றவாளி. உலகத்தில் பாதித் தீர்ப்பு இப்படித்தான் எழுதப்படுகிறது. பத்து நாள் வீட்டில் இரு, அதற்குப் பிறகு இயந்திரம் வேண்டாம், மூட்டை ஏற்றும் பக்கம் போ என்று சொல்லிவிட்டார்கள். பதினான்கு வருஷம் அந்த இயந்திரத்தை ஓட்டியவன். அது மூச்சு விடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவான். மை அக்கா 'மையில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மனசு சங்கடப்பட்டது. ஆனாலும் தப்பு செய்தவன் தம்பியானால் என்ன, தகப்பனானால் என்ன என்று சொல்லிக்கொண்டாள். நியாயத்தின் பக்கம் நிற்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அதைப்போல மனுஷரை ஏமாற்றுவது வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள் அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், சமையலறையில் கொழுந்தன் தரையில் உட்கார்ந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய கணவன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. 'தம்பி சும்மாதானே இருக்கான்' என்று போனில் சொல்லி, ஒழுகுகிற குழாயைப் பார்க்கச் சொல்லியிருந்தான்.

"வாங்க அண்ணி. கொஞ்சம் இந்த டார்ச்சைப் பிடிங்க."

பிடித்தாள். யாருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டாளோ அவனுக்கே வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் ஒரு துண்டு ரப்பர் குழாயை உருவி எடுத்துக் காட்டினான். வளைத்தான். படக்கென்று இரண்டாகப் போயிற்று.

"காஞ்சுபோச்சு. இதுல இருந்த எண்ணெய் எல்லாம் போயிடுச்சு."

குத்திக் காட்டுகிறானா, குழாயைப் பற்றித்தான் பேசுகிறானா? அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. புதுக் குழாயை மாட்டி, திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ஈரத் தரையைத் துடைத்துவிட்டுப் போனான். மாடியில் ஓரகத்தி பாத்திரத்தை வழக்கத்தைவிடப் பலமாக வைத்தாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த சண்டை.

உண்மை வெளிப்பட்டது ஐந்தாம் நாள். மத்தியானம் அவளுக்கு வழக்கம்போல அந்தச் சூடு ஏறியது. நெஞ்சில் பற்றி, கழுத்து வழியாக முகத்துக்கு வந்து, உள்ளங்கை வரைக்கும் கொதிக்கும். ஏழெட்டு மாதமாக இப்படி, ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது. ராத்திரி போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தால் தூக்கம் போனது போனதுதான். மாதாமாதம் வருவது நிற்கிற வயசு, வேறொன்றுமில்லை. துணி காயப்போடும்போது ஒரு நாள் ஓரகத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கணவனிடம் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் இருந்தது.

அன்றைக்குத் தாங்க முடியாமல், யாரோ குடிப்பதற்காக ஐஸ் போட்டு வைத்திருந்த வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டாள். அப்பாடா என்றிருந்தது. கை மரத்துப்போகிற வரைக்கும் அப்படியே நின்றாள். பிறகு துடைத்துக்கொண்டு, மேஜையில் கிடந்த குப்பையைத் தள்ளுவோம் என்று அந்தப் பழைய மாதிரித் தாளை எடுத்துக் கசக்கினாள்.

சரசரவென்று சத்தம் வந்தது. கையை விரித்தால் உள்ளங்கை முழுக்கப் பச்சைப் பொருக்கு.

அவள் இன்னொரு தாளை எடுத்தாள். அதுவும் உதிர்ந்தது. ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கால் மணி நேரத்தில் மறுபடி சூடு ஏறி, உள்ளங்கை நெருப்பாயிற்று. மூன்றாவது தாளை எடுத்தாள். துணி மாதிரி கசங்கியது.

பழம் தின்று கொட்டை போட்டவளுக்கு இது கூடவா விளங்காது? சூட்டில் எந்த மையும் இளகும். அவள் கை இளக்கிக் கொடுத்ததை அவள் கையே நல்லது என்று சொல்லியிருக்கிறது. எண்ணெயை எப்போது குறைத்தாளோ, அப்போது அவள் கை ஒரு சின்ன அடுப்பாக இருந்தது. ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். இவளும் தன் கையை விட்டுவிட்டுக் கொழுந்தனின் மெஷினைக் கோணல் என்றிருக்கிறாள்.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னாளா? இல்லை. அவளும் மனுஷிதான், அதிலும் அசந்துபோன மனுஷி. முதலில் மையைச் சரி செய்வோம், மற்றது தானாக அடங்கும் என்று நினைத்தாள். வெறுமனே அளவைக் கூட்டினால் ரோல் மறுபடி ஒட்டும். அதனால் எண்ணெயையே மாற்றினாள். எலுமிச்சையின் புளிப்பு அமிலத்திலிருந்து செய்கிற எண்ணெய் ஒன்று உண்டு. சாப்பாட்டுப் பைக்கு ஆகும், அவ்வளவாக வாடையடிக்காது. மற்றதைவிடக் குளிரில் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். அதில் எட்டு கிலோ. தன் சாப்பாட்டுப் பையிலேயே மாதிரித் தாளைச் சுருட்டி எடுத்துப்போய், வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் துணி சுற்றிய கையால் கசக்கினாள். உதிரவில்லை. கனத்த பொருளை மேலே வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை.

புது மை, புது ஆபரேட்டர். குளிர்கிடங்கிலிருந்து ஒன்பதாம் நாள் போன் வந்தது, பை பிரமாதம் என்று. மேனேஜர் அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே நடந்து மை அறைக்கு வந்தார்.

"பாத்தீங்களாக்கா? ஆளை மாத்தினதும் எப்படி சரியாயிடுச்சு! நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. மூட்டைப் பக்கம் போறதுக்கு அவனை நாளைக்கே வந்து கையெழுத்துப் போடச் சொல்லிட்டேன்."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை. அவள் ஓசைப்படாமல் திருத்தியதே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மேனேஜர் அறையில் கொழுந்தன் பேனாவை வாங்கும்போது அவள் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். ஏசி போட்ட அறை, ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. மேனேஜரின் மேஜை மேல் இரண்டு தாளை வைத்தாள்.

"சார், இது பழைய மை. நானே கையால பூசிக் காயவெச்சது. மெஷின் பக்கமே போகல, உலர்த்துற சூடு படல. கசக்குங்க."

"நானா?"

"நீங்கதான்."

அவர் கசக்கினார். வெள்ளைக் காகிதங்கள் மேலெல்லாம் பச்சை மை கொட்டியது. அந்த ஏசியிலும் சூடு ஏறிக் கொதித்த உள்ளங்கையில் இன்னொரு தாளை எடுத்து அவள் கசக்கினாள். ஒன்றும் உதிரவில்லை. மேனேஜர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எப்படிக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தன் எழுந்துவிட்டான். "சார், சூடு கூட வெச்சது நான்தான். அவசரத்துல வெச்சுட்டேன். அண்ணி, விடுங்க. வேணாம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் சிவந்திருந்தது. வேணாம் என்று எதைச் சொல்கிறான்? அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"நீ வாயை மூடு தம்பி," என்றாள். "சார், அவன் பொய் சொல்றான். எனக்கு நாப்பத்தொன்பது வயசு. மாசாமாசம் வர்றது நிக்கிற நேரம். உடம்பு திடீர் திடீர்னு கொதிக்குது, கையும் கொதிக்குது. அந்தக் கையால கசக்கினா மை இளகிடும், உடையாது. நான் எண்ணெயைக் குறைச்சது தப்பு. அதைக் கொதிக்கிற கையால பாத்து நல்லா இருக்குன்னு எழுதினது அதைவிடத் தப்பு. இவன் ரெண்டு தடவை வந்து சொன்னான், நான்தான் விரட்டினேன். பை சரியானது ஆளை மாத்தினதால இல்ல. எண்ணெயை மாத்தினேன், உங்ககிட்டச் சொல்லாம."

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். "சரி, சரிக்கா. அது... பாக்கலாம்."

"பாக்கலாம் இல்ல சார். இப்பவே எழுதணும்."

அவளே எழுதினாள். மையில் குறை, தன் சோதனையில் குறை, இயந்திரத்தில் குறை இல்லை. கையெழுத்தும் போட்டாள். கொழுந்தன் மெஷினுக்கே திரும்பலாம் என்றார் மேனேஜர். இனிமேல் உறைபெட்டியைச் சரி செய்து அதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், மை அக்காவின் கை மட்டும் போதாது என்று மேனேஜர் சொன்னார். நியாயம்தான். அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனாலும் வலித்தது.

வெளியே நடையில் கொழுந்தன் இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தான், திரும்பாமல்.

"நில்லு. உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமாச்சு அண்ணி. வீட்ல சொன்னா. உங்ககிட்ட சண்டை போட வேணாம், தூங்காம கஷ்டப்படுறாங்கன்னு. அப்புறம் தாளைக் குடுக்கும்போது ஒரு தடவை உங்க கை பட்டுது. அப்பவே நினைச்சேன்."

"சொல்லியிருந்தா உன் மெஷின் போயிருக்காதேடா!"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அண்ணன்கிட்டயே நீங்க சொல்லலையாம். நான் போய் ஆபீசுல எல்லார் முன்னாடியும் எப்படி அண்ணி சொல்லுவேன்?"

தன்னை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று அவள் கையை வைத்தே கணக்குப் போட்டிருந்தாள். இவன் வைத்திருந்த மதிப்பு அந்தக் கணக்கில் வரவே இல்லை. அவன் தலை குனிந்ததைக் குற்றம் என்று படித்தவள் அவள்தான். அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"மன்னிச்சுக்கடா," என்றாள்.

"ஐயோ, என்ன அண்ணி நீங்க," என்று சொல்லிவிட்டு, அடி விழப்போகிறவன் மாதிரி அவன் அச்சுக் கூடத்துக்குள் ஓடிப்போனான். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் மெதுவாக ஓடத் தொடங்கி, வேகம் பிடித்தது.

மை அக்கா நடையிலேயே ஒரு காலி டிரம் மேல் உட்கார்ந்தாள். நெஞ்சில் சூடு ஏறி முகத்துக்கு வந்தது. அவள் முந்தானையால் விசிறிக்கொள்ளாமல் போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். லாரியின் இரைச்சலோடு அவன் குரல் வந்தது.

"என்னம்மா, வேலை நேரத்துல கூப்பிடுற? யாருக்காவது என்னமோ ஆயிடுச்சா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. வண்டியை ஓரமா நிறுத்துங்க. எனக்கு உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு சொல்றேன்."